படத்தில் விழாத பத்து

என் வீட்டுக்காரரை அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘புள்ளி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் திரை என்பது லட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்தது. அதில் ஒரே ஒரு புள்ளி நிறம் மாறி நின்றாலும், அறைக்குள் நுழையும்போதே இவர் கண்ணில் பட்டுவிடும். அதே கண்ணுக்கு, நான் முடியை வெட்டிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தால் தெரிவதற்கு ஒரு வாரம் ஆகும். அதுவும் யாராவது சொல்ல வேண்டும்.

இவருக்கு வண்டி ஓட்டத் தெரியும், ஆனால் ஓட்ட விடமாட்டேன். சாலையில் மின்னும் விளம்பரப் பலகையில் ஒரு ஓரம் துடித்தால், அது ஏன் துடிக்கிறது என்று யோசித்துக்கொண்டே முன்னால் போகிற வண்டியில் போய் இடிப்பார். அதனால் நான் ஓட்டுவேன், இவர் பின்னால் உட்கார்ந்து பலகைகளுக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டு வருவார்.

இவருடைய வேலை, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச மென்பொருள் போட்ட கம்ப்யூட்டர்களில் திரைக்கு வருகிற கோளாறுகளைச் சரி செய்வது. நீங்கள் எதையோ அமுக்குகிறீர்கள், ஒரு ஜன்னல் திறக்கிறது. அது எங்கே வரவேண்டும், எதை மறைக்க வேண்டும், எந்த நிறம் என்றெல்லாம் கணக்குப் போட்டு, படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்ல நடுவில் ஒரு பெரிய நிரல் கூட்டமே இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் தப்பாகச் சொன்னாலும் திரையில் கறுப்புச் சதுரம் வரும், படம் நடுவில் கிழியும், எழுத்துக்குத் தலை இருந்தால் கால் இருக்காது. அந்த நிரல்களையெல்லாம் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். முகம் தெரியாத ஆட்கள் எங்கெங்கிருந்தோ புகார் எழுதுவார்கள். இவர் வீட்டின் பின்னறையில், மேசையிலும் தரையிலும் பழைய திரைகளை நிறுத்தி வைத்துக்கொண்டு, நாள் முழுக்க அந்தப் புகார்களுக்குப் பதில் சொல்வார்.

எல்லாப் புகாருக்கும் முதல் பதில் ஒன்றுதான். “ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள்.” திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டரே படமாக எடுத்துத் தரும் அல்லவா, அது. புகார் கொடுப்பது எப்படி என்று ஒரு பக்கமே எழுதிப் போட்டிருக்கிறார். அதில் தடித்த எழுத்தில் இருக்கும்: போனில் திரையைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள். அப்படி எடுத்தால் கோடு கோடாக விழும், விளக்கு பளபளக்கும், அனுப்பியவரின் மூக்குகூடத் தெரியும், கோளாறு மட்டும் தெரியாது என்பது இவர் கட்சி.

நான் ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். கையை நீட்டச் சொல்லி, நரம்பைத் தடவிப் பார்த்து, ஊசி போடுகிற ஆள். ஆளே வராமல் எப்படி நோயைப் பார்க்கிறீர்கள் என்று இவரைப் பலமுறை கிண்டல் செய்திருக்கிறேன். “உன் வேலை வேற, என் வேலை வேற” என்பார். சரி, வேறாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

என் அக்கா ஒரு அச்சகத்தில் பக்கம் அமைப்பவள். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம் வைப்பார்களே, பொடி எழுத்தில், யாரும் படிக்காத காகிதம், அதை அவள் படிப்பாள். அவள் படித்துத் திருத்தினால்தான் அது அச்சுக்குப் போகும். அந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் கூர்மையானதே தவிர மங்கவில்லை. பேருந்து தெருமுனை திரும்பும்போதே எண்ணைச் சொல்லிவிடுவாள். அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்த அச்சகத்துக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தது என் வீட்டுக்காரர்தான். அக்காவின் திரையை மட்டும், முழுப் பக்கமும் ஒரே பார்வையில் தெரியட்டும் என்று செங்குத்தாகத் திருப்பி நிறுத்தியதும் இவர்தான்.

போன மழைக்காலத்தில் அக்கா இவருக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“மாப்பிள்ளை, நான் திருத்தினது திரும்பிப் பழசாவே வந்து நிக்குது.”

“சேவ் பண்ணலையோ என்னமோ அக்கா.”

“அதெல்லாம் பண்ணிட்டேன். பத்தை அழிச்சு அஞ்சு போட்டா, பத்துதான் நிக்குது. கொஞ்ச நேரம் கழிச்சு அஞ்சாயிடுது. போன்ல படம் எடுத்து அனுப்பியிருக்கேன் பாருங்க.”

இவர் பார்த்தார். குழல்விளக்கு வெளிச்சம் திரையில் பட்டுப் பளீரென்று அடித்தது. அதற்குள் எங்கேயோ எழுத்துகள் இருந்தன. “இதுல ஒண்ணும் தெரியலக்கா. கீபோர்டுலயே ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்குங்க, மெஷினே படம் எடுத்துக்கும். அதை அனுப்புங்க” என்றார்.

அவளும் அனுப்பினாள். அதில் ஐந்து என்று சுத்தமாக இருந்தது. இவர் பெரிதாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார். “சரியாத்தானே இருக்கு அக்கா” என்றார். அவள் “அப்படியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அடுத்து வந்ததுதான் வினை. குழந்தைகளுக்கான இருமல் மருந்து. பத்து மில்லி என்றிருந்ததை ஐந்து மில்லி ஆக்க வேண்டும். அக்கா ஐந்தை அடித்தாள். திரையில் பத்து அப்படியே நின்றது. விழவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு முறை அடித்தாள். திரையில் ஐந்து வந்தது. திருப்தியாக அச்சுக்கு அனுப்பிவிட்டாள். அவள் அடித்த இரண்டு ஐந்தும் உள்ளே விழுந்திருந்தன; அச்சானது ஐம்பத்தைந்து மில்லி. மருந்துக் கம்பெனிக்காரர் பெட்டியில் போடுவதற்கு முன்னால் பார்த்துவிட்டார், அவர் நன்றாக இருக்கட்டும். அவ்வளவு காகிதமும் குப்பைக்குப் போனது.

அச்சக முதலாளி கெட்டவர் இல்லை. கத்தவில்லை, திட்டவில்லை. அவரே அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்தை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். இவர் வீட்டில் இருந்தபடியே இணையம் வழியாக அந்தத் திரையைத் தன் திரையில் வரவழைத்து, “அக்கா, இப்ப டைப் பண்ணுங்க” என்றார். அவள் அங்கே அடிக்க, இங்கே நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். பத்து ஐந்தானது. ஐந்து பத்தானது. ஒரு பிசகும் இல்லை.

“அங்கயும் சரியாத்தானே அக்கா தெரியுது?”

“இப்ப சரியாத்தான் தெரியுது மாப்பிள்ளை” என்றாள். அவள் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலாளி, “கண்ணைக் காட்டிட்டு வாங்கம்மா. அதுவரைக்கும் பைண்டிங்ல உக்காருங்க, அவசரமில்ல” என்றார். கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அக்கா ஆஸ்பத்திரி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“கண்ணு நல்லா இருக்குன்னா, அப்ப மண்டைதாண்டி.”

“உளறாதே.”

“அம்மாவும் இப்படித்தானே ஆரம்பிச்சா?”

எங்கள் அம்மா கடைசிக் காலத்தில் இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேசுவாள். காலி நாற்காலியைக் காட்டி அவருக்குத் தண்ணீர் கொடு என்பாள். அவளைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, கூடவே கிடந்தது அக்காதான். அதனால் அவளுக்கு அந்தப் பயம் என்னைவிட அதிகம். எனக்கும் அன்று பயம்தான். ஆனால் காட்டிக்கொள்ளாமல் வண்டியை எடுத்தேன்.

அதற்குப் பிறகு அக்கா வேறு ஆளாகிவிட்டாள். பேருந்து எண்ணைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பாள். அடுப்பை அணைத்துவிட்டோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பாள். பார்த்ததையும் நம்பாமல் கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பாள். பைண்டிங்கில் எண்ணி அடுக்குகிற வேலையைக்கூட இன்னொரு பெண்ணை எண்ணச் சொல்லிவிட்டுத்தான் கட்டுவாளாம். கடைசியில் ஒரு நாள், வேலையை விட்டுவிடப் போகிறேன் என்றாள். “யாராவது குழந்தைக்கு ஏதாவது ஆகிறதுக்கு முன்னாடி நானே விலகிக்கறேன்.”

அவள் நாற்காலியில் போட்டிருந்த மெத்தையையும் இழுப்பறையில் கிடந்த சாமான்களையும் எடுத்து வர நானும் இவரும் ஒரு சனிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போனோம். தனக்கு அங்கே போக மனமில்லை என்று அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டாள். அச்சகம் என்றால் நீளமான ஒரு கூடம்; கடைசியில் இயந்திரங்கள், நடுவில் காகிதக் கட்டுகள், ஜன்னலோரம் கம்ப்யூட்டர்கள். மை வாசனை மூக்கில் ஏறும்.

முதலாளி இவரைப் பார்த்ததும், “வந்ததே வந்தீங்க, அந்த ஸ்க்ரீனைப் பழையபடி படுக்க வெச்சுக் குடுத்துடுங்க சார். புதுசா வர்ற பையனுக்கு அதுதான் பழக்கமாம்” என்றார். நான் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தேன். சீப்பு, தலைவலித் தைலம், அம்மாவின் சின்னப் புகைப்படம். இவர் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார். திருப்புவதற்கு முன்னால் எழுத்து எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு எண்ணை அழித்து வேறு எண்ணைப் போட்டார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஆள் அசையவில்லை.

என்ன ஆச்சு என்று கேட்டேன். இன்னொரு எண்ணைப் போட்டார். பிறகு ஸ்கிரீன்ஷாட் எடுக்கிற பட்டனை அமுக்கினார். மறுபடி எண், மறுபடி பட்டன். ரத்தம் எடுக்கும்போது மயங்கி விழப்போகிறவர்களின் முகம் எனக்குத் தெரியும். அந்த முகம் அப்போது இவருக்கு இருந்தது.

“இங்க வா. நான் என்ன டைப் பண்றேன்னு கீபோர்டைப் பாரு. அப்புறம் திரையைப் பாரு.”

எட்டை அமுக்கினார். திரையில் பழைய மூன்றே நின்றது. “இப்ப பாரு” என்று பட்டனை அமுக்கினார். ஒரு கண்சிமிட்டலில் மூன்று எட்டானது.

“படம் எடுக்கப் போனாலே சரியாயிடுது” என்றார். “வீட்டுலேருந்து நான் பார்த்தாலும் சரியாயிடுது. பக்கத்தை உருட்டினாலும் சரியாயிடுது. சும்மா உக்காந்து வேலை செய்யிறவங்களுக்கு மட்டும்தான் தப்பு தெரியும்.”

எனக்குப் புரியும்படி பிறகு விளக்கினார். ஒவ்வொரு முறையும் திரை முழுவதையும் வரைந்தால் வீண் வேலை. அதனால் எந்த இடம் மாறியதோ அந்த இடத்தை மட்டும் புதிதாக வரைவார்கள். தரையில் பால் கொட்டினால் கொட்டின இடத்தை மட்டும் துடைப்பதில்லையா, அதுபோல. ஆனால் அக்காவின் திரை திருப்பி வைத்தது. நிரல் அதை மறந்துவிட்டு, திருப்பாத திரையில் அந்த இடம் எங்கே இருக்குமோ அங்கே போய்த் துடைத்துவிட்டு வந்திருக்கிறது. கொட்டின பால் கொட்டினபடியே கிடந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலோ தூரத்திலிருந்து பார்த்தாலோ வீடு முழுக்கத் துடைத்தாக வேண்டும், அதனால் எல்லாம் சுத்தமாகத் தெரிந்துவிடும்.

இதெல்லாம் பிறகு சொன்னது. அந்த நேரத்தில் எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. முதலாளி பக்கத்தில் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல், “அன்னைக்கே வண்டியை எடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கூட்டிட்டு வந்திருப்பேனே. இங்க இருக்கு அச்சாபீஸ். படம் அனுப்பு, படம் அனுப்புன்னு அவளைப் பைத்தியமாக்கிட்டீங்களே” என்று கத்திவிட்டேன். கையில் அக்காவின் சீப்பு இருந்தது. அழுகை வேறு வந்துவிட்டது. இவர் அக்காவுக்குப் போன் போட்டார்.

“அக்கா, உங்க ஸ்க்ரீன் முன்னாடிதான் உக்காந்திருக்கேன். எட்டு போட்டா மூணு நிக்குது.”

“அப்ப நான் பார்த்தது இருந்துச்சா?” என்று கேட்டாள்.

“இருந்துச்சுக்கா.”

வைத்துவிட்டாள். நான் அவள் வீட்டுக்குப் போனபோது அழுதழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

கதை அதோடு முடிந்திருந்தால் இவருக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். கோளாறு எப்போது நுழைந்தது என்று கண்டுபிடிக்க இவர்களிடம் ஒரு வழி இருக்கிறது. நன்றாக ஓடின பழைய நிரலையும் கெட்டுப்போன புதியதையும் எடுத்துக்கொண்டு, நடுவில் வந்த மாற்றங்களைப் பாதியாகப் பிரிப்பார்கள். கோளாறு எந்தப் பாதியில் என்று பார்த்து, அதை மறுபடி பாதியாக்கி, கடைசியில் ஒரே ஒரு மாற்றத்தில் வந்து நிற்பார்கள். பின்னறையில் ஒரு திரையைச் செங்குத்தாக நிறுத்திக்கொண்டு இவரும் அப்படித்தான் பாதி பாதியாக நறுக்கினார். மத்தியானம் சமையலறைக்கு வந்து, தட்டை எடுத்து, சோற்றைப் போட்டுக்கொள்ளாமல் நின்றார்.

“யாரோடதுன்னு தெரிஞ்சுதா?” என்றேன்.

“என்னோடது.”

துடைக்கிற வேலையை மிச்சப்படுத்தின அந்த மாற்றத்தை எழுதியவர் இவரேதான். அது ஏற்கப்பட்ட அன்று எங்களை வெளியே சாப்பிடக் கூட்டிப்போனார். அக்காவும் வந்திருந்தாள், நன்றாகச் சாப்பிட்டாள். எழுதினபோது வீட்டில் இருந்த எல்லாத் திரையிலும் சோதித்துப் பார்த்திருக்கிறார். எல்லாம் படுக்கை வசத்தில் நின்ற திரைகள். செங்குத்தாக நிறுத்தின ஒரே திரையை அவர் கையாலேயே அச்சகத்தில் நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அன்றைக்கு விட்டுவிட்டேன். சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் இவரே சொன்னார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடவில்லை, நேராகவே சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கெடுத்ததும் நீங்க, கண்டுபிடிச்சதும் நீங்க. நடுவுல பைத்தியம் மட்டும் நானா?”

இவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவள், “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள். இல்லை என்றார். எழுந்து போய்த் தட்டு வைத்தாள். ஆனால் எதிரில் உட்கார்ந்து பேசவில்லை.

திருத்தம் சில வரிகள்தான். அதன் அடியில், கோளாறை முதலில் சொன்னவர் யார் என்று பெயர் போடுவது அவர்கள் வழக்கம். ஆங்கிலத்தில் பெயரை எப்படி எழுதுவீர்கள் என்று அக்காவிடம் கேட்டார். “எதுக்கு? என் மேல கேஸா?” என்றாள். விளக்கினதும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவள் முதன்முதலில் அனுப்பிய, குழல்விளக்கு அடிக்கிற அந்தப் போன் படத்தையும் இவர் தேடி எடுத்துப் புகாரோடு சேர்த்தார். வெளிச்சத்துக்குக் கீழே, உற்றுப் பார்த்தால், பத்து நின்றுகொண்டுதான் இருந்தது. தடித்த எழுத்தில் இருந்த அந்த வரியையும் மாற்றினார். இப்போது ‘ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்புங்கள், போனில் எடுத்த படமும் அனுப்புங்கள்’ என்று இருக்கிறது.

முதலாளி அக்காவைத் திரும்பக் கூப்பிட்டு அதே நாற்காலியில் உட்கார வைத்தார். மெத்தையை நானே கொண்டுபோய்ப் போட்டேன். இயந்திரம் சரியாகிவிட்டது. அவள்தான் சரியாகவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பைண்டிங் பெண்ணைக் கூப்பிட்டு, “இது அஞ்சுதானே? நல்லாப் பாரு” என்பாள். அந்தப் பெண்ணும் பசை கையோடு வந்து பார்த்து, அஞ்சுதான் அக்கா என்றுவிட்டுப் போவாள். சில நாள் இவருக்கும் போன் வரும். எழுத்து மங்கலா இருக்கோ, கோடு ஆடுதோ என்பாள். இவர் இப்போது படம் கேட்பதில்லை. “இருங்க, வரேன்” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவார். நான் வண்டியை எடுப்பேன். போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இவர் சலித்துக்கொள்ளாமல் உட்கார்ந்து, எண்ணாக அடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வருவார். ஒன்றுமில்லை என்று கேட்கக் கேட்க அக்காவின் முகம் இன்னும் சிறுத்துப்போகும்.

போன வாரம் அப்படித்தான் ஒரு போன். பதினைந்து என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை என்று தெரிகிறதாம், நடுவில் ஒரு புள்ளி நிற்கிறதாம். வீட்டிலிருந்தே கோப்பைத் திறந்து பார்த்தால் பதினைந்து. “கோப்புல இல்லையே” என்று என்னிடம் முணுமுணுத்தார், ஆனால் அவளிடம் சொல்லவில்லை. போனோம்.

அக்கா எழுந்து இடம் கொடுத்தாள். இவர் உட்காரவில்லை. குனிந்து, முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பக்கத்தை ஒரு வரி மேலே உருட்டினார். எண் நகர்ந்தது, புள்ளி நகரவில்லை. நகத்தால் மெதுவாகச் சுரண்டினார். புள்ளி நகத்தோடு வந்துவிட்டது. ஈ உட்கார்ந்து இட்டுவிட்டுப் போன எச்சம்.

“இருந்துச்சுக்கா” என்று விரலைக் காட்டினார்.

அக்கா விரலைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். முதலில் முதலாளிதான் சிரித்தார். அப்புறம் அக்கா சிரித்தாள், அந்த மழைக்காலத்துக்குப் பிறகு நான் கேட்காத சிரிப்பு, இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. “எங்க மாப்பிள்ளைக்குப் புள்ளின்னு பேரு வெச்சவங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்” என்றாள்.

நாங்கள் கிளம்பும்போது பைண்டிங் பெண் வழக்கம்போல் எண்ணைப் பார்த்துச் சொல்லப் பசை கையோடு வந்து நின்றாள். அக்கா அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்து மெத்தையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“நீ போம்மா. நான் பார்த்துக்கறேன்” என்றாள்.